அங்கே மட்டும் திரும்பச் சொல்லு

என் மகள் கணக்கில் கெட்டிக்காரி என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுப்பது நான்தான் என்பதும் தெருவுக்குத் தெரியும். முதலாவது உண்மை, இரண்டாவது பொய். அந்தப் பொய்யை நான் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. யாராவது சொன்னபோது மறுத்ததும் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தைந்து மார்க் வாங்கித் தப்பித்தவள் நான். அதுவும் விடைத்தாள் திருத்தியவரின் நல்ல மனசு என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் எனக்கு வேலை. ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழ், ஹீட்டர் கம்பியில் கோக்கிற மணி, இதெல்லாம் அங்கே சுட்டு எடுப்பார்கள். நான் செக்கிங் பிரிவு. சூளையிலிருந்து வந்து ஆறின சாமானை ஒவ்வொன்றாக எடுத்து, இன்னொன்றோடு லேசாகத் தட்டிக் காதில் வாங்க வேண்டும். கணீரென்றால் பெட்டிக்குள் போகும். சத்தம் அமுங்கினால் உள்ளே விரிசல், கழிவுக் கூடைக்குள் போகும். பதிமூன்று வருஷமாக இதே வேலைதான். விரிசல் எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியாது. இருக்கிறது என்று மட்டும் தெரியும். அதற்குத்தான் சம்பளம்.

கழிவுக் கூடையிலிருந்து ஒரு கை மணி அள்ளி வீட்டுக்குக் கொண்டுவருவேன். சூப்பர்வைசர் கண்டுகொள்ள மாட்டார். அப்போது நான்கு வயதிலிருந்த மகளுக்கு அதுதான் விளையாட்டுச் சாமான். ஒருநாள் சிமெண்டுத் தரையில் ஒரு மணியை வைத்தாள். அதை அணைத்த மாதிரி மூலை கட்டி மூன்று மணி வைத்தாள். அதற்கு வெளியே ஐந்து, அதற்கும் வெளியே ஏழு. ஒவ்வொரு முறையும் சதுரமாகவே வந்தது.

"அம்மா, இது எப்பவும் கட்டமாவே வருது. நிறுத்தவே முடியல" என்றாள். ஏதோ பயந்துபோன குரல்.

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "சரி, அள்ளி வையி, கால்ல பட்டா வழுக்கும்" என்றேன். ஒரு பிள்ளை தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு ஓடிவந்து சொல்கிறது, நான் வழுக்கும் என்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவள் வளர வளர எனக்குப் பயம் வந்தது. இரண்டாம் வகுப்பில் ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் போட்டாள். டியூஷனில் சேர்த்தேன். ஒரு மாதத்தில் அந்த சார் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்கம்மா, இது முன்னால ஓடுது, மத்த புள்ளைங்க கொழம்புதுங்க. வூட்டுலயே வச்சிப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை போனில் வருவார். "பாப்பா நல்லா படிக்குதா? சரி, சரி" என்பார். அவருக்கு அந்த இரண்டு "சரி"க்கு மேல் பேச நேரம் இருப்பதில்லை.

என்னால் முடிந்ததைச் செய்தேன். கூடத்துச் சுவர் ஒன்றில் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். வீட்டு ஓனர் அம்மா, காலி பண்ணும்போது வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பழைய பேப்பர் கடைக்காரரிடம் கணக்குப் புத்தகம் எது வந்தாலும் எடுத்து வைக்கச் சொன்னேன். எடைக்குத்தான் கொடுப்பார். பத்தாவது, பிளஸ் டூ, அட்டை கிழிந்த இன்ஜினியரிங் புத்தகம் எல்லாம் வந்தன. எது அவளுக்கு ஏற்றது என்று எனக்கு எப்படித் தெரியும்? தக்காளி பொறுக்குகிற மாதிரி பொறுக்காமல் அப்படியே சாக்கோடு தூக்கி வந்தேன். வேலைக்குப் போகும்போது போனை அவளிடமே விட்டுவிட்டுப் போனேன். டிவியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

ஏழு வயதில் ஒருநாள் சொன்னாள். "படிச்சத யாருக்கிட்டயாவது சொல்லணும்மா. சொன்னாத்தான் எனக்கே புரியுது. நீ ஒக்காந்து கேளு."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கறுப்புச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் சாக்பீஸோடு நின்று பேசுவாள். முதல் சில நாள் எனக்கும் புரிந்தது. கூட்டல், பின்னம், வகுபடும் எண் என்று கூடவே போனேன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் விட்டுவிட்டேன். மறுநாள் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறுநாள் அவள் இன்னும் தூரத்தில் இருந்தாள். புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பேசுவதை நிறுத்திவிடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு மட்டுமா வேண்டியிருந்தது? எனக்கும்தான் அந்த வீட்டில் வேறு பேச்சுத்துணை கிடையாது.

ஒருநாள் அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் ஓரிடத்தில் குரல் அமுங்கியது. நாள் முழுக்கத் தட்டிக் கேட்டுவிட்டு வந்த காது அல்லவா, தன்னால் வாயில் வந்துவிட்டது. "அங்க மட்டும் திரும்பச் சொல்லு" என்றேன்.

திரும்பச் சொன்னாள். பாதியில் நின்றாள். சுவரைப் பார்த்தாள். அழித்துவிட்டு ஒரு வரியை மாற்றி எழுதினாள். "எப்புடிம்மா கண்டுபுடிச்ச?" என்றாள்.

"நான் உன் அம்மாவாச்சே" என்றேன்.

அவ்வளவுதான் நான் அவளிடம் சொன்ன பொய். அதற்குப் பிறகு பொய் சொல்லவே தேவைப்படவில்லை. வாரத்தில் இரண்டு தடவையாவது குரல் அமுங்கும். நான் நிறுத்துவேன். அவள் போய்ப் பார்ப்பாள். பெரும்பாலும் அங்கே தப்பு இருக்கும். சுவரில் இருந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்குப் புரியாது. ஆனாலும் பலித்தது. எனக்குப் பெருமை தலைக்கேறியது. பள்ளியில் கணக்கு மிஸ் ஒருநாள் என்னை நிறுத்தி, "ஏம்மா, நீங்க என்னா படிச்சிருக்கீங்க? உங்க பொண்ணு எதச் சொன்னாலும் எங்க அம்மா பாத்துட்டாங்கன்னு சொல்லுது" என்று கேட்டார். "அது அந்தக் காலத்துல ஏதோ படிச்சதுங்க மிஸ்" என்று சிரித்துக்கொண்டே நழுவினேன். அந்தக் காலமாம். வெட்கங்கெட்ட சிரிப்பு.

அவளுக்குத் தோழிகள் என்று யாரும் அமையவில்லை. தெருப் பிள்ளைகள் சண்டைக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் மனசு விட்டுச் சொன்னேன், பிள்ளை நினைத்ததைப் பேச ஒரு ஆள் இல்லாமல் இருக்கிறாள் என்று. "அதான் நீ இருக்கியே" என்றாள் அக்கா. எழுந்து வந்துவிட்டேன். பிள்ளைக்கு யாருமில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அதைச் சொன்னால் நான் யார் என்பதும் தெரிந்துவிடும். அந்த நாலு வருஷம் நான் அனுபவித்த தனிமையை எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

அவளுக்குப் பதினோரு வயதானபோதுதான் மிஸ் ஒரு கணக்குத் தேர்வைப் பற்றிச் சொன்னார். சிதம்பரத்தில் எழுத வேண்டும். ஆறே கேள்விதான். தேறினால் மாதத்தில் இரண்டு நாள் கல்லூரிப் பேராசிரியர்கள் வந்து வகுப்பு எடுப்பார்கள். "அவள மாதிரி புள்ளைங்க ஒரு முப்பது பேரு ஒண்ணா இருப்பாங்கம்மா" என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அவள் மாதிரி முப்பது பேர். சொன்னால் புரிந்துகொள்கிற முப்பது பேர். ஒருவர் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவளிடம் முப்பது என்றால் எப்படி இருக்கும்? அன்று யூனிட்டில் நல்ல சாமான் இரண்டைக் கை தவறிப் போட்டு உடைத்தேன்.

மகளும் ஆவலாகத்தான் இருந்தாள். "அவங்கள்லாம் திரும்பக் கேள்வி கேப்பாங்க இல்லம்மா?" என்றாள். நான் கேள்வி கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. யூனிட்டில் லோடு அனுப்ப வேண்டியிருந்ததால் வீட்டுக்கு வர ஏழு மணி ஆனது. மகள் சுவரில் எழுதி வைத்துக் காத்திருந்தாள். ஒரு கல்யாண மண்டபம். வந்தவர்கள் சிலரோடு சிலர் கைகுலுக்குகிறார்கள். ஒற்றைப்படைத் தடவை கைகுலுக்கியவர்களை மட்டும் தனியே நிறுத்தி எண்ணினால், எத்தனை பேர் வந்திருந்தாலும், அந்தத் தொகை இரட்டைப்படையாகத்தான் வரும். ஏன்? இதுதான் கணக்கு. அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கைகுலுக்கலை எண்ணும் இடத்தில் குரல் அமுங்கியது. சந்தேகமே இல்லை.

"அங்க மட்டும் திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னாள். மறுபடியும் அமுங்கியது. இன்னொரு தடவை கேட்டேன். அப்போதும் அப்படியே. மூன்று தடவை. அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரியாத்தானம்மா இருக்குது" என்றாள். "நல்லாப் பாரு" என்றேன். தேர்வுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, நான் விடுவேனா? அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு மட்டும் அங்கே ஏதோ இருக்கிறது என்று சத்தியமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனோம். தேர்வு எழுதிவிட்டு வந்தாள். திரும்பும்போது சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றது. டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்க இறங்கினார்கள். நான் ஜன்னல் வழியாகச் சுண்டல் பொட்டலம் வாங்கி அவளிடம் கொடுத்தேன்.

"அந்தக் கைகுலுக்கற கணக்கு வந்துச்சும்மா" என்றாள்.

"அப்பறம்?"

"வூட்டுல போட்ட மாதிரிதான் மொதல்ல போட்டன். அப்பறம் நீ மூணு தடவ நிறுத்தினது ஞாபகம் வந்துச்சு. அதனால அத அடிச்சிட்டு வேற மாதிரி போட்டன்."

"எது சரி?"

"தெரியல. நீதான் சொல்லணும்" என்றாள்.

சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "மிஸ்கிட்ட கேப்போம்" என்றேன். பஸ் கம்மாபுரம் வரும்வரை அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

மகள் பள்ளியில் கேட்டிருக்கிறாள், திங்கட்கிழமை சாயங்காலம் மிஸ் போன் செய்தார். "மொதல்ல போட்டதுதாம்மா சரி. ஒரு தடவ கைகுலுக்குனா ரெண்டு பேரு கணக்குல ஏறும், அதனால மொத்தம் எப்பவும் ரெட்டப்படை. அவ அழகாப் புடிச்சிருக்கா. நீங்க அதுல என்னா தப்பு பாத்தீங்க?" திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கணக்கு தெரிந்த ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்பது போலக் கேட்டார். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

பதினைந்து நாளில் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. அந்த ஒரு கேள்வி சரியாக இருந்தால் வந்திருக்கும் என்றார் மிஸ். மகள் அழவில்லை. "அடுத்த வருஷம் எழுதலாம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். பக்கத்து வீட்டு அக்கா, மணவாளநல்லூர் கோயிலில் பிராது எழுதிக் கட்டச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் முருகனுக்கு மனு எழுதி அங்கே கட்டிவிட்டு வருவார்கள். வெள்ளைத்தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். பிராது என்றால் யார் மேல் என்று எழுத வேண்டும். எழுத ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, என் பெயர். தாளை மடித்து வைத்துவிட்டேன்.

ஆனாலும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. என் காது பொய் சொல்லாது. குரல் அமுங்கியது நிஜம். அப்படியானால் அங்கே என்ன இருந்தது?

அந்த வாரம் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் போனில் வந்தார். பொங்கலுக்கு எந்தத் தேதியில் டிக்கெட் என்று கேட்டேன்.

"இந்த வருஷம் லீவு இல்லன்னு பாப்பாகிட்ட அன்னிக்கே சொன்னேனே. அது உன்கிட்ட சொல்லலியா?"

"என்னிக்கு?"

"சிதம்பரம் போறதுக்கு முன்னால. நீ லோடு இருக்குதுன்னு வேலைக்குப் போயிட்டியே, அன்னிக்கு."

அவள் கைகுலுக்கல் கணக்கைச் சொன்ன அதே வெள்ளிக்கிழமை. குரலில் விரிசல் இருந்தது. கணக்கில் இல்லை. பெற்ற பிள்ளை வருத்தத்தில் பேசுகிறது. அது எனக்குக் கேட்கவும் செய்தது. நான் அதைக் கணக்கில் தேடச் சொல்லி அவளைச் சாப்பிடாமல் உட்கார வைத்தேன். ஒரு அம்மாவாக நான் செய்ததில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

அவர் போனை வைத்ததும் மகளிடம் போனேன். "அப்பா வரலன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ அழுவ" என்றாள்.

"அன்னிக்கு அந்தக் கணக்கு சொல்லும்போது அதயா நெனச்சிட்டிருந்த?"

யோசித்துப் பார்த்தாள். "ஆமா. அப்பா போறப்ப ரயிலடியில எனக்குக் கை குடுத்தாரு இல்ல, பெரிய ஆளுக்குக் குடுக்கற மாதிரி. கைகுலுக்கறதுன்னு சொல்லும்போதெல்லாம் அது வந்துச்சு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை, அன்றைக்கு மட்டும் இல்லை, எப்போதுமே புரிந்ததில்லை, யூனிட்டில் தட்டிக் கேட்கிற மாதிரி உன் குரலைக் கேட்டுத்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"எத்தினி தடவ சரியா நிறுத்தின, எத்தினி தடவ தப்பா நிறுத்தின?" என்று கேட்டாள்.

"எண்ணலியே" என்றேன்.

எழுந்துபோய் அவள் நோட்டுகளை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தாள். சுவரில் போட்டதை ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதி வைப்பது அவள் வழக்கம். கடைசி நோட்டைத் திறந்தாள். "இது புரிஞ்சுதா?" தலையசைத்தேன், இல்லை என்று. பின்னால் புரட்டினாள். "இது?" இல்லை. அந்த நோட்டு முடிந்தது. அதற்கு முந்தின நோட்டு. அதற்கும் முந்தினது. ஆறாம் வகுப்பு போய், ஐந்தாம் வகுப்பு போய், நான்காம் வகுப்பும் போனது. எழுத்து பின்னால் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் இல்லை, இல்லை என்று தலையசைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஏழு வயதுக் கையெழுத்தில் ஒரு பக்கம் வந்தது. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று படம் போட்டு எழுதியிருந்தாள். அந்த விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஏன் என்று அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. அன்றைக்குத் தலையாட்டினது ஞாபகம் இருந்தது. அந்தப் பக்கத்தில் விரலை வைத்தேன்.

"இங்கயா?"

"ஆமா."

அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பக்கத்தில் அடுக்கியிருந்த மற்ற நோட்டுகளையும் ஒரு தடவை பார்த்தாள்.

"அப்ப இதுக்கப்பறம் நான் தனியாவாம்மா பேசிட்டிருந்தேன்?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அது இல்லை.

"ஆமா" என்றேன்.

இரண்டு நாள் அவள் சுவர்ப் பக்கமே போகவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், போட்டதைச் சாப்பிட்டாள். தெருவில் மற்ற அக்காக்களிடம் எப்படிப் பேசுவாளோ, அந்த மரியாதையோடு என்னிடமும் பேசினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் வேலைவிட்டு வந்தபோது சுவர் நிறைய எழுதியிருந்தது.

"ஒக்காரும்மா. கேளு. எங்கயும் நிறுத்தாத. ஒண்ணும் சொல்லாத" என்றாள்.

உட்கார்ந்தேன். இப்போதும் தினமும் உட்காருகிறேன். முன்பெல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சொல்வாள், இப்போது சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். சில நாள் குரல் அமுங்குகிறது. அது கணக்கா, அப்பாவா, பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா, எனக்குத் தெரியாது. கேட்கக் கூடாது என்பது பேச்சு. நேற்றும் அமுங்கியது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நிற்காமல் அடுத்த வரிக்குப் போனாள்.